கணப்பில் தீ பற்றவில்லையா? அறிகுறியைப் பார்த்து, காரணத்தைப் பிடியுங்கள்

குளிர் தொடங்கினால் போதும், தெரிந்தவர்களிடமிருந்து எனக்கு வரும் கேள்வி ஒன்றுதான்: "அரை மணி நேரமா தீப்பெட்டியோட உட்கார்ந்திருக்கேன், பத்தவே மாட்டேங்குது, என்ன பண்றது?" போய்ப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். புகைபோக்கி குளிர்ந்து கிடக்கும், இல்லையென்றால் விறகு ஈரமாக இருக்கும். குச்சியை உரசுவதற்கு முன்பே அந்தத் தீயின் கதி முடிவாகிவிடுகிறது. எங்கள் வீட்டுக் கணப்பும் முதல் இரண்டு குளிர்காலம் இதே பாடுதான் படுத்தியது. ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்து, எதற்கு எது மருந்து என்று நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

உங்கள் கணப்பில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில் வரும். அந்த வரிசையிலேயே பாருங்கள், நடுவில் தாண்டிப் போனால் தேவையில்லாமல் ஆளைக் கூப்பிட்டுக் காசு கொடுக்க நேரும். இது முன்பக்கம் திறந்திருக்கும், விறகு எரிக்கும் கணப்புக்கானது. கேஸ் கணப்புக்குப் பொருந்தாது. கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு விறகு, சுள்ளி பற்றிச் சொல்வதெல்லாம் உதவும், மற்றதற்கு அடுப்போடு வந்த கையேட்டைப் பாருங்கள்.

எதற்கும் முன்

பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் என்று எந்தத் திரவத்தையும் ஊற்றிப் பற்றவைக்காதீர்கள். ஊற்றிவிட்டுக் குச்சியை எடுப்பதற்குள் அதன் ஆவி உங்களைச் சுற்றிப் பரவியிருக்கும், உரசியதும் தீ முகத்துக்குத்தான் வரும். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், ரசாயனம் ஏற்றிய மரம், வழவழப்பான வண்ணத்தாள், பிளாஸ்டிக் எதுவும் உள்ளே போகக்கூடாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, அதனால் மூக்கை நம்பி இருக்க முடியாது. பொத்தானை அழுத்தி அலாரம் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்.

அறிகுறி 1: பற்றவைத்த உடனே புகை அறைக்குள் வருகிறது

அதிகமாக வரும் தொல்லை இதுதான். காரணங்களும் இதற்குத்தான் அதிகம், அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

டாம்பர் உண்மையிலேயே திறந்திருக்கிறதா?

புகைபோக்கியின் கழுத்தில் திறந்து மூடும் இரும்புத் தகடுதான் டாம்பர். கைப்பிடியைத் திருப்பினோம், திறந்திருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். பழைய கணப்புகளில் கைப்பிடி மட்டும் திரும்பும், தகடு துருப்பிடித்து இருந்த இடத்திலேயே நிற்கும். தீ இல்லாதபோது ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியை உள்ளே நீட்டி, டார்ச் அடித்துப் பாருங்கள். தகடு முழுக்க நிமிர்ந்திருக்க வேண்டும், அரைகுறையாகத் திறந்திருந்தாலும் புகை திரும்பி வரும். சில வீடுகளில் டாம்பர் கழுத்தில் இருக்காது, புகைபோக்கியின் உச்சியில் இருக்கும், உள்ளே தொங்கும் சங்கிலி அல்லது கம்பியை இழுத்துத் திறப்பது. அதில் சங்கிலி கொக்கியிலிருந்து நழுவினாலும் நமக்குத் தெரியாது.

டாம்பர் சரி. அடுத்து, குளிர்காற்று இறங்குகிறதா?

ஒரு தீக்குச்சியை உரசி, ஊதி அணைத்து, அதிலிருந்து கிளம்பும் புகையைக் கணப்பு வாயின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே பிடியுங்கள். நூல்போல எழும் அந்தப் புகை உள்பக்கமாக வளைந்து மேலே ஏறினால் இழுப்பு இருக்கிறது. அப்படியே தயங்கி நின்று கலைந்தால் இழுப்பு இல்லை. உங்கள் முகத்தை நோக்கித் திரும்பினால் மேலிருந்து குளிர்காற்று இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அந்த நிலையில் பற்றவைத்தால் அடுத்த நிமிடம் கூடம் முழுக்கப் புகைதான். கையை உள்ளே நீட்டினாலே தெரிந்துவிடும், ஃபிரிட்ஜைத் திறந்ததுபோல மணிக்கட்டில் சில்லென்று ஒரு காற்று விழும். வீட்டின் வெளிச்சுவரை ஒட்டிக் கட்டிய புகைபோக்கிகளில் இது கிட்டத்தட்ட தினப்படி நடக்கிற விஷயம், ஏனென்றால் அதன் மூன்று பக்கமும் வெளிக்குளிரில் நிற்கிறது.

மருந்து எளிது. இரண்டு மூன்று செய்தித்தாளை நீளமாகச் சுருட்டி, தடித்த தோல் கையுறை போட்டுக்கொண்டு, ஒரு முனையைக் கொளுத்தி டாம்பருக்குக் கீழே உயர்த்திப் பிடியுங்கள். முதலில் புகை தடுமாறும். பிறகு திடீரென்று சுடர் நீண்டு மேல்நோக்கி இழுபடும், 'உஸ்' என்று ஒரு சத்தமும் கேட்கும். அந்தச் சத்தம் கேட்கும்வரை விறகைத் தொடவே தொடாதீர்கள். ஒரு சுருள் போதவில்லையென்றால் இன்னொன்று. மிகவும் குளிரான நாளில் நான் ஹேர் டிரையரைத்தான் எடுப்பேன், கணப்புக்குள் மேல்நோக்கிப் பிடித்து ஐந்து நிமிடம் ஓடவிட்டால் வேலை முடிந்துவிடும். ஆனால் உள்ளே பழைய கங்கோ தளர்ந்த சாம்பலோ இருந்தால் டிரையர் வேண்டாம், எல்லாம் அறைக்குள் பறக்கும்.

சூடேற்றிய பிறகும் புகை வருகிறதா? வீட்டைப் பாருங்கள்

சமையலறை எக்ஸாஸ்ட், குளியலறை விசிறி, துணி உலர்த்தும் இயந்திரம் எல்லாம் வீட்டுக் காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். போன காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும், ஜன்னல் எல்லாம் இறுக மூடியிருந்தால் அது புகைபோக்கி வழியாகத்தான் வரும், புகையையும் கூட்டிக்கொண்டு. எல்லாவற்றையும் நிறுத்துங்கள். கணப்புக்கு அருகிலுள்ள ஜன்னலை இரண்டு மூன்று சென்டிமீட்டர் திறந்துவிட்டு மறுபடி அதே தீக்குச்சிச் சோதனையைச் செய்யுங்கள். புகை திசை மாறினால் காரணம் கிடைத்துவிட்டது. மாடி வீடாக இருந்தால் மேலே ஏதாவது ஜன்னல் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மேலே திறந்திருந்தால் வீடே ஒரு புகைபோக்கிபோல வேலை செய்து, கணப்போடு போட்டிபோட்டுக் காற்றை இழுக்கும். திறக்க வேண்டியது கீழ்த்தளத்து ஜன்னல், மூட வேண்டியது மாடி ஜன்னல். இதை மாற்றிச் செய்துவிட்டு "ஜன்னலைத் திறந்தும் பயனில்லை" என்று சொல்பவர்கள் நிறைய.

பயன் தெரிந்தும் தினமும் ஜன்னலைத் திறந்துவைப்பது சிரமம் என்றால், கணப்புக்கென்று வெளிக்காற்றுக் குழாய் ஒன்றைப் பொருத்தலாம். அது ஆள் வைத்துச் செய்கிற வேலை.

தீ நன்றாக எரிகிறது, மேல்விளிம்பில் மட்டும் புகை கசிகிறதா?

முதலில் தீயைப் பின்னால் தள்ளுங்கள். விறகை அடுக்கும் கம்பித்தட்டு பின்சுவரை ஒட்டி இருக்க வேண்டும், பலர் வசதிக்காக முன்னால் இழுத்து வைத்துவிடுகிறார்கள். அதற்கும் சரியாகவில்லையென்றால் கம்பித்தட்டின் கால்களுக்குக் கீழே தீச்செங்கல் (சூடு தாங்கும் செங்கல்) வைத்து ஒரு கல் உயரம் தூக்கிப் பாருங்கள். அதற்கும் கேட்கவில்லையென்றால் இந்தச் சோதனை: கணப்பு வாயின் அகலத்துக்கு ஒரு தகரத் தகடு எடுத்து, கையுறையோடு மேல்விளிம்பில் வைத்து மெல்லக் கீழே இறக்கிக்கொண்டே வாருங்கள். புகை எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கே ஒரு கோடு. அந்த அளவுக்கு ஒரு உலோகப் பட்டையை நிரந்தரமாகப் பொருத்தினால் போதும், இடித்துக் கட்ட வேண்டியதில்லை.

இதற்குக் காரணம் பெரும்பாலும் வாய் பெரிதாகவும், புகைபோக்கிக்குள் புகை ஏறும் குழாய் சிறிதாகவும் இருப்பதுதான். குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பு கணப்பு வாயின் பரப்பில் சுமார் பத்தில் ஒரு பங்காவது வேண்டும் என்பது பொதுக்கணக்கு. வாய் 90 சென்டிமீட்டர் அகலம், 75 சென்டிமீட்டர் உயரம் என்றால் 6,750 சதுர சென்டிமீட்டர். அதற்குக் குழாய் 675 வர வேண்டும், அதாவது ஏறக்குறைய 26க்கு 26. இந்தப் பிரச்சினை இன்று நேற்று வந்ததில்லை. 1790களில் லண்டனில் புகை கக்கிக்கொண்டிருந்த கணப்புகளை ரம்ஃபோர்டு பிரபு என்ற பெஞ்சமின் தாம்சன் சரிசெய்ததும் இதே வழியில்தான். பெரிய வாயைச் சுருக்கினார், கழுத்தை ஒடுக்கினார், பக்கச் சுவர்களைச் சாய்த்துக் கட்டினார். நாம் ஒரு தகரப் பட்டையால் செய்வது அதன் சின்ன வடிவம்.

எதற்கும் மசியவில்லையா?

இனி மேலே பார்க்க வேண்டும். குழாயில் பறவைக்கூடு, இலைக்குப்பை, உதிர்ந்த செங்கல் துண்டு இருக்கலாம். உச்சியில் போட்ட மூடியின் கம்பிவலை கரி பிடித்து அடைத்திருக்கலாம். தரையில் நின்று பைனாகுலரில் பார்த்தாலே வலையில் வெளிச்சம் தெரிகிறதா, கருப்பாக அடைத்திருக்கிறதா என்று ஓரளவு தெரியும். கூரையில் நீங்கள் ஏற வேண்டாம். புகைபோக்கி குட்டையாக இருந்தாலும் இழுக்காது. கூரையைத் துளைத்து வெளியே வரும் இடத்திலிருந்து குறைந்தது 90 சென்டிமீட்டர் உயரம், அதைச் சுற்றி 3 மீட்டருக்குள் இருக்கும் எதைவிடவும் 60 சென்டிமீட்டர் உயரம் என்பது பொதுவாகக் கடைப்பிடிக்கும் அளவு. அடைப்பானாலும் உயரமானாலும் இந்தக் கட்டத்தில் புகைபோக்கி சுத்தம் செய்பவரைக் கூப்பிட வேண்டியதுதான்.

அறிகுறி 2: தாள் எரிந்து முடிகிறது, சுள்ளி பற்றவில்லை

தாள் அதிகம், சுள்ளி குறைவு. அநேகமாக அவ்வளவுதான். கூடை நிறையத் தாளைக் கசக்கிப் போட்டு, மேலே நான்கு குச்சியை வைத்து, அதன் மேல் தொடை கனத்துக்கு ஒரு கட்டை. தாள் ஒரு நிமிடம் ஆரவாரமாக எரியும், அப்புறம் கருஞ்சாம்பல் ஏடு ஏடாகப் பறக்கும், கட்டை இருந்தபடி இருக்கும்.

சுள்ளி எவ்வளவு மெல்லியது என்று பாருங்கள். முதலில் பற்ற வேண்டியது பென்சில் கனம், அடுத்தது கட்டைவிரல் கனம். ஒடித்தால் 'படக்' என்று ஒடிய வேண்டும், வளைந்து நாராகக் கிழிந்தால் அது ஈரம், தூரப் போடுங்கள். உருண்டையான குச்சியைவிடப் பிளந்த சிராய் சீக்கிரம் பற்றும், ஏனென்றால் பட்டை மூடாத கூரிய விளிம்புகள் அதில் இருக்கின்றன. இலேசான மரம்தான் சுள்ளிக்கு நல்லது. பைன்போலப் பிசின் ஊறிய மரம் கிடைத்தால் இரண்டு சிராய் போதும், தாளே வேண்டியதில்லை. எண்ணிக்கையில் கஞ்சம் வேண்டாம், ஒரு தீக்கு பதினைந்து இருபது சிராயாவது வேண்டும். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கூடை பிளந்து கணப்புக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன், வாரம் முழுக்க நிம்மதி.

தாளும் முக்கியம். நமத்துப்போன பழைய தாள் சரிவராது. ஒரு தாளை நீளவாக்கில் சுருட்டி, நடுவில் ஒரு முடிச்சுப் போடுங்கள். கசக்கிய தாளைவிட நின்று எரியும், உருண்டும் விழாது.

சீக்கிரம் பற்ற நான் அடுக்கும் விதம்

பழகிய முறைக்கு இது தலைகீழ், அதனால் முதலில் யாரும் நம்ப மாட்டார்கள். பெரியதைக் கீழே வையுங்கள், சிறியதை மேலே.

முன்கை கனத்தில் பிளந்த கட்டை மூன்று, கம்பித்தட்டின் மேல் பக்கம் பக்கமாக, நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டு. அதன்மேல் குறுக்காகக் கட்டைவிரல் கனத்தில் ஐந்தாறு. அதன்மேல் மறுபடி குறுக்காகப் பென்சில் கனத்தில் பத்துப் பன்னிரண்டு. உச்சியில் நான்கைந்து தாள் முடிச்சு, அவை உருண்டுவிடாமல் இருக்க மேலே இரண்டு சிராய். புகைபோக்கியைச் சூடேற்றிவிட்டு, உச்சியில் இருக்கும் தாளை இரண்டு மூன்று இடத்தில் கொளுத்துங்கள்.

அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். உண்மையில் கஷ்டமான பகுதி இதுதான். ஐந்தாவது நிமிடத்தில் மேல்வரிசை முழுக்கப் பற்றியிருக்கும், அடியில் இருக்கும் கட்டைகள் சும்மா இருப்பதுபோலத் தெரியும், கை இரும்புக்கோலைத் தேடும். தொடாதீர்கள். சின்னக் கங்குகள் ஒவ்வொன்றாக விரல் இடைவெளிக்குள் விழும், கட்டையின் உள்விளிம்பு முதலில் பழுப்பாகும், பிறகு கருக்கும், அதன் ஓரத்தில் ஒரு நூல் சிவப்பு ஓடும். பதினைந்து இருபது நிமிடத்தில் தானாகவே அடிக்கட்டைகள் பிடித்துக்கொள்ளும். தீ உச்சியில் இருப்பதால் முதல் நிமிடத்திலிருந்தே புகைபோக்கி சூடாகிறது, கிளம்புகிற புகையும் சுடரைத் தாண்டிப் போக வேண்டியிருப்பதால் பெரும்பகுதி எரிந்துவிடுகிறது. கீழிருந்து மூட்டும் தீயோடு ஒருநாள் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அறையில் நிற்கும் புகையே வித்தியாசத்தைச் சொல்லும்.

அறிகுறி 3: சுள்ளி எரிந்து தீர்ந்தது, கட்டை கருகி நிற்கிறது

கட்டையின் வெட்டிய முனையைக் குனிந்து பாருங்கள். சின்னச் சின்னக் குமிழியாக நுரைத்து, 'ஸ்ஸ்' என்று சீறிக்கொண்டு தண்ணீர் கசிந்தால் வேறு சோதனையே வேண்டாம், விறகு பச்சை. பச்சை மரத்தின் எடையில் பாதிவரை தண்ணீர் இருக்கலாம். அப்படிப் பார்த்தால் 10 கிலோ கட்டையைப் போடும்போது நாலைந்து லிட்டர் தண்ணீரைச் சேர்த்துப் போடுகிறோம், அதைக் கொதிக்கவைத்து விரட்டுவதிலேயே தீயின் சூடெல்லாம் போய்விடும்.

போடுவதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம். இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டுங்கள், காய்ந்தது 'டங்' என்று கணீரென ஒலிக்கும், ஈரமானது 'தொப்' என்று மந்தமாக விழும். காய்ந்த கட்டையின் முனையில் மையத்திலிருந்து விரிசல்கள் ஓடியிருக்கும், பட்டை கையால் உரிந்து வரும், அளவுக்குக் கையில் இலேசாக இருக்கும். ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கினால் சந்தேகமே இல்லை, அதிகச் செலவும் இல்லை. ஆனால் வெளிப்பக்கத்தில் குத்திப் பார்க்காதீர்கள், அது எப்போதும் காய்ந்ததாகத்தான் காட்டும். கட்டையைப் பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தில் நடுவில் குத்துங்கள். 20 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் எரிக்கலாம். 25க்கு மேல் என்றால் அடுத்த குளிர்காலத்துக்கு ஒதுக்கிவிடுங்கள்.

இன்றைக்கே எரிக்க வேண்டும், கையில் இருப்பதெல்லாம் அரைகுறை ஈரம் என்றால்? மெல்லியதாகப் பிளந்துகொள்ளுங்கள், மணிக்கட்டு கனத்துக்கு மேல் வேண்டாம். பிளந்த உள்முகம் தீயைப் பார்க்கும்படி வையுங்கள், பட்டைப்பக்கம் வெளியே. கடையில் கிடைக்கும் சூளையில் உலர்த்திய விறகு ஒரு கட்டு வாங்கி, அதோடு கலந்து எரிக்கலாம். ஈரக்கட்டையைத் தீக்கு அருகில் சாய்த்துவைத்து உலர்த்தும் பழக்கம் வேண்டாம், நீங்கள் எழுந்து போன பிறகு அது பற்றிக்கொள்ளும்.

மழையில் நனைந்தது வேறு, பச்சை வேறு. உள்ளே காய்ந்த விறகு மேலே நனைந்திருந்தால் வீட்டுக்குள் ஒன்றிரண்டு நாள் வைத்தாலே சரியாகிவிடும். பச்சை மரம் அப்படி இல்லை, இலேசான மரம் என்றால் ஆறு மாதமாவது, ஓக்போலக் கனத்த மரம் என்றால் ஓராண்டு, சில சமயம் இரண்டு ஆண்டுகூட ஆகும். அதுவும் பிளந்து அடுக்கினால்தான். உருட்டுக்கட்டையாகக் கிடந்தால் பட்டை ஈரத்தைப் பூட்டி வைத்துக்கொள்ளும். தரையில் படாமல் சட்டத்தின் மேல் அடுக்குங்கள், மேலே மட்டும் மூடுங்கள், பக்கங்கள் காற்றுக்குத் திறந்திருக்கட்டும். தார்ப்பாயால் தரைவரை இழுத்துப் போர்த்திவிட்டு, ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் பூஞ்சை பிடித்திருந்தது என்று வருத்தப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டிலும் முதல் அடுக்கு அப்படித்தான் போனது.

இந்த அறிகுறியை அலட்சியப்படுத்தாதீர்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன். கருகிக் கருகிப் புகையும் ஈரவிறகுதான் புகைக்குழாயின் உட்சுவரில் கிரியோசோட் என்ற, தீப்பிடிக்கக்கூடிய தார்போன்ற கரி படியக் காரணம், குழாய்க்குள் தீப்பிடிப்பது அந்தப் படிவில்தான். பைன் எரித்தால் கிரியோசோட் வரும் என்று மரத்தின் மேல் பழி போடுவார்கள். காய்ந்த பைன் ஒன்றும் செய்யாது, ஈரமான எந்த மரமும் செய்யும்.

அறிகுறி 4: நன்றாக எரிந்த தீ பாதியில் படுத்துவிடுகிறது

ஒரே ஒரு கட்டை மிச்சமிருக்கிறதா? தனிக்கட்டை எரியாது, பக்கத்தில் இன்னொன்றின் சூடு வேண்டும். எப்போதும் இரண்டு மூன்றாக, விரல் இடைவெளியில் வையுங்கள். ஒட்டிக் கிடந்தால் காற்று போகாது, கையகலம் தள்ளிக் கிடந்தால் சூடு போகாது. அடுத்த கட்டையைச் சுடர் இருக்கும்போதே போட வேண்டும், வெறும் தணலாகும்வரை காத்திருந்தால் மறுபடி சுள்ளியிலிருந்து தொடங்க நேரும்.

சாம்பலையும் பாருங்கள். கம்பித்தட்டின் அடிவரை ஏறியிருந்தால் காற்று கீழிருந்து வராது. முழுக்க வழித்து எடுக்கவும் வேண்டாம், இரண்டு மூன்று சென்டிமீட்டர் சாம்பல் மெத்தை இருந்தால் கங்கு சூடு குறையாமல் இருக்கும்.

அறிகுறி 5: காற்றடிக்கும் நாளில் மட்டும் புகை திரும்புகிறது

மற்ற நாளில் சரியாக இருந்தால் உங்கள் அடுக்கும் முறையிலோ விறகிலோ குறையில்லை. காற்று உயர்ந்த சுவரிலோ மரத்திலோ மோதிப் புகைபோக்கிக்குள் இறங்குகிறது. எந்தத் திசைக் காற்றில் நடக்கிறது என்று நாலைந்து முறை குறித்துவையுங்கள், மரக்கிளை காரணமென்றால் வெட்டினால் போதும். இல்லையென்றால் காற்றைத் தடுக்கும் மூடி ஒன்றைப் பொருத்த வேண்டும், அதற்கு மேலும் போனால் புகைபோக்கியை உயர்த்துவது. உயர்த்துவது பெரிய செலவு, மூடியைப் போட்டு ஒரு பருவம் பார்க்காமல் அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

அறிகுறி 6: தீ இல்லாதபோதும் கரி நாற்றம்

சாம்பலை அள்ளுங்கள், டாம்பரை மூடுங்கள், எக்ஸாஸ்ட் ஓடுகிறதா என்று பாருங்கள். மழை பெய்த பிறகு அதிகமானால் மூடி இல்லாமல் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. இவை எல்லாம் சரியாக இருந்தும் நாறினால் உள்ளே படிவு தடித்துவிட்டது, சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது. ஒரே புகைபோக்கிக் கட்டுக்குள் இரண்டு குழாய் இருக்கும் வீட்டில், ஒன்றில் தீ எரியும்போது அதன் புகை உச்சியில் திரும்பி மற்றக் குழாய் வழியாக இறங்கும். எரியாத கணப்பின் டாம்பரை மூடிவைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

அறிகுறி 7: பொறி தெறிக்கிறது

மரத்துக்குள் சிக்கிய ஈரமும் பிசினும் வெடிப்பதுதான். கம்பிவலைத் திரையை எப்போதும் போட்டு வையுங்கள், தரைவிரிப்பை ஒரு மீட்டராவது தள்ளிப் போடுங்கள். பிசின் மரத்தைச் சுள்ளியோடு நிறுத்திக்கொண்டு, கட்டைக்குக் கனத்த காய்ந்த மரத்தை எடுத்தால் குறையும்.

நீங்களே பார்க்கக் கூடாதவை

குழாய்க்குள் ரயில் ஓடுவதுபோல இரைச்சல், படபடவென்று வெடிப்பு, உச்சியிலிருந்து சுடரோ அடர்ந்த பொறியோ வந்தால் அது புகைபோக்கித் தீ. எல்லோரும் வெளியே வந்து தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான குழாய் வெடித்துவிடும். தானாக அணைந்துவிட்டதுபோலத் தெரிந்தாலும் குழாயைச் சோதிக்காமல் அந்தக் கணப்பில் அடுத்த தீ மூட்டக்கூடாது.

கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தாலோ, கணப்புக்கு முன் இருப்பவர்களுக்குத் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்தாலோ அப்படியே வெளிக்காற்றுக்குப் போங்கள், அங்கிருந்து உதவி கேளுங்கள். இதைத் தவிர்க்க ஒரு பழக்கம் வேண்டும்: சூடு வீணாகிறதே என்று கங்கு கனலும்போது டாம்பரை மூடாதீர்கள், சாம்பல் முழுக்கக் குளிர்ந்த பிறகுதான்.

உட்சுவரில் படிவு 3 மில்லிமீட்டரைத் தொட்டால் சுத்தம் செய்ய வேண்டும். பொடிபோல இருந்தால் தூரிகைக்கு வந்துவிடும். தார் பூசியதுபோலப் பளபளவென்று கெட்டியாக இருந்தால் தூரிகை போதாது, தொழில் தெரிந்தவர் வேறு முறையில் எடுக்க வேண்டும். செங்கல் இடையில் விரிசல், குழாயின் உறை உடைந்து கணப்புக்குள் ஓட்டுத்துண்டு விழுவது, கணப்பை ஒட்டிய சுவர் தொடமுடியாமல் சுடுவது, இவற்றில் எதைப் பார்த்தாலும் எரிப்பதை நிறுத்துங்கள். ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை, குளிருக்கு முன்பே, ஒருவரை வரவழைத்துப் பார்க்கச் சொல்லிவிடுங்கள்.

சாம்பலுக்கு இரும்பு வாளி, இறுக்கமான மூடி, வீட்டிலிருந்து தள்ளி வெறுந்தரையில் இடம். மேலே ஆறியதுபோல இருக்கும், உள்ளே கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். அட்டைப்பெட்டியிலோ பிளாஸ்டிக் பையிலோ ஒருபோதும் அள்ளாதீர்கள்.

ஆளைக் கூப்பிடும்போது ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள்: எந்த அறிகுறி, பற்றவைத்து எத்தனை நிமிடத்தில், எந்தத் திசைக் காற்றில், ஜன்னல் திறந்தபோது என்ன, தகரம் பிடித்தபோது என்ன, விறகின் ஈரம் எத்தனை சதவீதம். எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தவர் குழாயையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டாவதாக வந்தவர் அந்தத் தாளை நின்றபடியே படித்தார், கணப்புப் பக்கம் திரும்பக்கூட இல்லை, நேராக ஏணியை எடுத்துக்கொண்டு கூரைக்குப் போனார். மூடியின் கம்பிவலையில் ஒரு கண் விடாமல் கரி அடைத்திருந்தது. கால் மணி நேரத்தில் தேய்த்துவிட்டு இறங்கினார்.